கழற்றக் கூடாத கண்ணாடி

அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஆண்களில் ஒருவர்கூடப் போடவில்லை. இத்தனைக்கும் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர்கள் ஆண்கள்தான்.

கேட்டதும் உங்களுக்கு எங்கேயோ இடிக்கிறது, இல்லையா? அந்தத் தெருவில் யாருக்கும் இடிக்கவில்லை. அந்தக் குடும்பத்துப் பொம்பளைகளுக்குக் கண் கொஞ்சம் மட்டம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரே மூக்கு வரும், சரி. வேறு வேறு வீட்டிலிருந்து வாழ வந்தவர்களுக்கு ஒரே கண் எப்படி வரும் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கடை கீழே இருந்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே பெரிய கண்ணாடிச் சுவர். வெளியே நடைபாதை, அதற்கப்பால் லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடும் அகலமான சாலை. கடைக்குப் பின்னால் வேலை அறை. அதன் ஜன்னலுக்குப் பால் நிறக் கண்ணாடி போட்டிருந்தார்கள்; வெளிச்சம் மட்டும் உள்ளே வரும், வேறொன்றும் வராது. மாடியில் வீடு. வீட்டிலிருந்து தெருவுக்குப் போக வேண்டுமென்றால் படி இறங்கி, வேலை அறையைத் தாண்டி, கடை வழியாகத்தான் போக வேண்டும். வேறு வாசல் கிடையாது.

முன்னால் ஆண்கள் கண் பார்த்தார்கள், பேசினார்கள், பிரேம் விற்றார்கள். பின்னால் பெண்கள் வில்லைகளின் ஓரத்தை அரத்தால் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்தினார்கள். காதுத் தண்டுக்குத் திருகு போட்டார்கள். அந்தத் திருகு கடுகைவிடச் சின்னது. கீழே விழுந்தால் அவ்வளவுதான், மண்டியிட்டுத் தேட வேண்டும்.

இந்தக் கதை அந்த வீட்டு இளைய மருமகளைப் பற்றியது. அவள் வந்தபோது, தெரு முனையில் பஸ் திரும்பும் முன்பே அதன் நம்பரைச் சொல்லக்கூடிய கண் அவளுக்கு. கல்யாணமான புதிதில் ஒரு காலை மாமனார் அவளைக் கடைக்குக் கூப்பிட்டார். அந்த மனிதர் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. மருமகளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகுகிற கனமான சட்டத்தை அவள் மூக்கின் மேல் மெதுவாக வைத்தார். கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்து, வில்லை ஒன்றைச் செருகிவிட்டுக் கேட்டார்.

"எழுத்து பெருசா தெரியுதாம்மா?"

"தெரியுது மாமா."

"அப்போ உனக்குக் கண்ணாடி வேணும்."

உண்மையாகவே எழுத்து பெரிதாகத்தான் தெரிந்தது. அந்த வில்லையை வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். பெரிதாகத் தெரிவதும் நன்றாகத் தெரிவதும் ஒன்றா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. புது மருமகள், பெரியவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அவர் கனிவாகக் கேட்கிறார். நீங்களும் நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம்.

கண்ணாடியைப் போட்டதும் கிட்டே இருந்ததெல்லாம் தெளிவானது. திருகின் மரை தெரிந்தது, தட்டில் ஒட்டிய கறை தெரிந்தது, மூலையில் நின்ற தூசி தெரிந்தது, கணவனின் சட்டையில் விட்டுப்போன தையல் தெரிந்தது. கை எட்டுகிற தூரம் வரைக்கும் உலகம், அதற்கப்பால் பஞ்சு. எதிர்ச் சுவரில் மாட்டிய கடிகாரத்துக்கு முள் இல்லாமல் போயிற்று. தெருவில் போகிற மனிதர்கள் நனைந்த துணிபோல நகர்ந்தார்கள்.

முதல் நாட்களில் அவள் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள். மாமியார் கண்டித்தார். தூங்கும்போதும் முகம் கழுவும்போதும் தவிர கழற்றக் கூடாது, கழற்றினால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு கெட்டுப்போகும். போகப் போகக் கழற்றிவிட்டு வேலை செய்தால் நெற்றி விண்ணென்று வலிக்கத் தொடங்கியது. பழக்கப்படுத்திய கண் அப்படித்தான் செய்யும். ஆனால் அந்த வலியே சாட்சி ஆகிவிட்டது. பார்த்தாயா, கழற்றினால் வலிக்கிறது, அப்படியென்றால் உன் கண் மட்டம்தானே என்றார்கள். அவளும் நம்பினாள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மாமனாருடைய அப்பா காலத்தில், வேலை அறையில் பெண்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்தார்கள், வேலைக்கு மட்டும். அவர்கள் எழுந்திருக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைக்க, வில்லையில் கீறல் விழுந்தது. வில்லை வீணாகிறதே என்று அந்தக் காலத்துப் பெரியவர் ஒருநாள் எரிச்சலில் இனி யாரும் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் சமாசாரம். வில்லையில் கீறல் விழக் கூடாது. பிறகு அவர் போய்ச் சேர்ந்தார், விதி போகவில்லை. கழற்றினால் வில்லைக்குக் கெடுதல் என்பது கழற்றினால் கண்ணுக்குக் கெடுதல் என்று ஆயிற்று. அடுத்த தலைமுறையில் இந்த வீட்டுப் பெண்களுக்குக் கண்ணே மட்டம் என்று ஆயிற்று. கண் மட்டமானவர்கள் தனியாகத் தெருவில் போகலாமா? கூடாது. துணையோடு போகலாமா? துணைக்கு யாருக்கு நேரம்? அப்படியாக ஒவ்வொன்றும் முந்தையதன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வேலை அறையில் சிரிப்புக்கும் குறைவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மூத்த மருமகள் வாயாடி. அவள் புருஷன் சந்தைப் பக்கம் இருந்த இன்னொரு கடையைப் பார்த்துக்கொண்டார். நம்ம வீட்டு ஆம்பிளைகள் அழகா இல்லையா என்று பார்க்கவேண்டுமானால் கிட்டப் போகவேண்டியிருக்கிறது, கிட்டப் போனால் பார்க்கத் தோன்றுவதில்லை என்பாள். மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிடும். அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

அந்த மாமியாருக்கு ஒரு மகள் இருந்தாள். இளையவளுக்கு நாத்தனார், ஏறக்குறைய ஒரே வயது. ஒரு காலையில் கடையில் கூட்டம், யாருக்கும் ஒழிவில்லை. எதிர்ப்புறத்து மருந்துக் கடைக்கு நானே போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். சாலையின் பாதியில் லாரி அடித்தது. லாரிக்காரன் அழுதுகொண்டே சொன்னானாம், அந்தப் பெண் தன்னை நேராகத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே முன்னால் வந்தாள் என்று. துக்கத்துக்கு வந்தவர்களிடம் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்: சாலையில் கிடந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தோம், சட்டம்கூட வளையவில்லை. அவ்வளவு உறுதியான வேலை. அந்தக் கண்ணாடியைச் செய்தது மாமியாரின் கை.

அதற்குப் பிறகு கடை வாசலைத் தாண்டப் பெண்கள் யாரும் கேட்கவே இல்லை. கண் மட்டம் என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

இளையவளுக்கு ஒரே மகள். பெயர் ஏதோ வைத்தார்கள். கூப்பிட்டதெல்லாம் சில்லு என்றுதான். தேய்க்கும்போது தெறிக்கும் கண்ணாடிச் சில்லுபோல ஓரிடத்தில் நில்லாத குழந்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடி ஜன்னலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீழே வேலை முடித்து வந்த பெண்கள் துணி மடித்துக்கொண்டே கேட்பார்கள், தெருவில் என்ன நடக்கிறது என்று. அது சொல்லும். எதிர் மாடியில் ஒரு மாமா தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு தலை சீவுகிறார், பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் சண்டைபோட்டுவிட்டு ஒரே பிஸ்கட்டைப் பிய்த்துத் தின்கிறார்கள், பாலத்தின் மேல் ஒரு அக்கா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறாள். பெண்களுக்கு உலகம் அந்தக் குழந்தையின் வாய் வழியாகத்தான் வந்தது. ரேடியோவை நிறுத்து, சில்லு வந்துவிட்டது என்பாள் மூத்தவள்.

ஒரு பிற்பகல் மாமனார் எதற்கோ மாடிக்கு வந்தார். யாரும் கவனிக்கவில்லை. கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சில்லு அப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவனின் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் திரும்பினார்கள். அவர் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை. கதவருகில் ஓர் உயரமான மங்கல் நின்றது.

"இந்தக் கண்ணு ரொம்பத் தூரம் ஓடுதே," என்றார் அந்த மங்கல், அன்பாக. "இப்பவே பிடிச்சுக் கட்டலைன்னா பின்னால கஷ்டப்படும். வர்ற வாரம் கடைக்குக் கூட்டிட்டு வாங்க."

அவர் இறங்கிப் போன பிறகும் யாரும் துணியைத் தொடவில்லை. குழந்தை மட்டும் குதித்தது. அதற்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா? தன்னைத் தவிர வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடி வந்துவிட்டால் வேலை அறையில் பெரியவர்களோடு தனக்கும் ஒரு முக்காலி. என்ன நிறத்தில் பிரேம் வேண்டும் என்று மூத்தவள் கேட்டாள், ஊதா என்றது. மறுநாளே மூத்தவள் ஊதாவில் ஒரு சின்னச் சட்டத்தைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தாள். துடைக்கும்போது அவள் எந்த வேடிக்கையும் சொல்லவில்லை.

இளையவளுக்கு அப்போதும் சந்தேகம் எதுவும் இல்லை. அந்த ஊதாச் சட்டத்தைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். குழந்தைக்கும் இந்தக் கண் வந்துவிட்டதே என்ற வருத்தம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரத்தின் நடுவில் அவளுடைய கண்ணாடியின் காதுத் தண்டு உடைந்தது. மாற்றுத் தண்டு வந்து சேரும் வரை கண்ணை மூடிப் படுத்திரு என்றார் மாமியார். ஆனால் மொட்டை மாடியில் காய்ந்த துணி கிடந்தது, வானமோ இருட்டிக்கொண்டு வந்தது. யார் எடுப்பது? அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். துணியை உருவும்போது காற்றில் ஒரு துண்டு பறந்தது. அதைப் பிடிக்க நிமிர்ந்தவள் நிமிர்ந்தபடியே நின்றுவிட்டாள்.

பஞ்சு இல்லை. எதிர் மாடியில் தொப்பைக்காரர் நின்றார்; அவருக்கு மீசையும் இருந்தது. பாலம் தெரிந்தது, பாலத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதற்கும் அப்பால் மழை ஒரு சாம்பல் திரையாக இறங்கிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அவள் சிரித்தேவிட்டாள். பிறகு கீழே சாலையைப் பார்த்தாள். வளைவில் ஒரு லாரி திரும்பியது. அது திரும்பியதிலிருந்து கடை வாசலைக் கடக்கும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் தெரிகிறது! ஒரு பெண் சாலையின் பாதியில் நின்று, பார்த்து, திரும்பி நடைபாதைக்கே வந்துவிடலாம். அவ்வளவு நேரம் இருக்கிறது.

சிரிப்பு நின்றது. நேராகத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே முன்னால் வந்தாள் என்றானே அந்த லாரிக்காரன்.

மழை வந்து துணியெல்லாம் நனைந்தது. அவள் அதோடேயே இறங்கி வந்தாள். வேலை அறையில் மாமியார் தனியாக இருந்தார். இளையவள் கதவைச் சாத்திவிட்டு, மாடியில் பார்த்ததைச் சொன்னாள். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் எல்லாம் தெரிகிறது, நம் கண்ணில் ஒன்றுமில்லை. மாமியார் ஆச்சரியப்படவில்லை. வில்லையை அரத்தில் தேய்த்துக்கொண்டே, அதுதான் வியாதியே என்றார். அந்தப் பதில் அவர் நாக்கிலேயே தயாராக இருந்தது. தூரத்தில் தெரிந்து என்ன செய்யப்போகிறாய்? கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதுதானே நம் வேலை.

"அப்போ உங்களுக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். முகம் கழுவறப்ப யாரு கண்ணை மூடிக்கறா?"

இளையவள் அதோடு நிறுத்தியிருக்கலாம், அவளால் முடியவில்லை.

"அத்தை, அன்னைக்கு அவ அதைக் கழட்டிட்டுப் போயிருந்தா..."

அரம் நின்றது. தேய்ந்த தூள் மாமியாரின் விரல்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"அதை நான் யோசிக்கலைன்னு நினைக்கிறியா?" என்றார் மெதுவாக. "யோசிச்சேன்னா, நான் எப்படிம்மா இந்த வீட்டுல சாப்பிட்டுத் தூங்கறது?"

பிறகு அரம் மறுபடி தேய்க்கத் தொடங்கியது. முன்னைவிடச் சீராக.

அன்று மாலையே அவள் கணவனிடம் பேசினாள். நல்ல மனிதன்தான். மாற்றிய தண்டோடு வந்த கண்ணாடியை அவனிடமே நீட்டி, ஒருதரம் போட்டுப் பாருங்கள் என்றாள். அவன் விளையாட்டாகப் போட்டான். அறையைச் சுற்றிப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், எழுந்து நடந்தான், கட்டில் காலில் இடித்துக்கொண்டான்.

"அய்யோ, தலை சுத்துது," என்று சிரித்துக்கொண்டே கழற்றினான். "இதை எப்படித்தான் போட்டுக்கிட்டு நடமாடறீங்களோ!"

அவள் காத்திருந்தாள். அவன் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தின் அடுத்த பாதி அவன் மனசுக்குள் வந்துசேரும் என்று காத்திருந்தாள். அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். உங்கள் கண்ணுக்கு இது தேவைப்படுகிறது, என் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதுதானே என்றான். சில்லு விஷயத்தைக் கேட்டதற்கு, அப்பா எத்தனை பேருக்குக் கண் பார்த்திருக்கிறார், அவருக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை அவள் மூக்கின் மேல் அவனே வைத்துவிட்டான். பிரியமாகத்தான் வைத்தான். காதோரம் முடி சிக்காமல் பார்த்து வைத்தான்.

மாமனாரிடமும் அவள் போனாள். குழந்தைக்கு வேண்டாம் என்றாள். கோபித்துக்கொள்வார் என்று நினைத்துப் போனவளுக்கு அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் யாரையும் கட்டாயப்படுத்தியதே இல்லை அம்மா, ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் கொடுத்திருக்கிறேன், உன்னையும் கேட்டேன், நீயே தெரிகிறது என்று சொன்னாய் என்றார். குழந்தையையே கேட்போம். அது வேண்டாம் என்றால் நான் விட்டுவிடுகிறேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. குழந்தை என்ன சொல்லும் என்று அவளுக்கும் தெரியும். வீட்டுக்குள் அவள் சில்லுவைக் கூப்பிட்டு, வேண்டாமென்று சொல்லிவிடு கண்ணே என்று கெஞ்சிப் பார்த்தாள். நான் மட்டும் எப்போதும் குட்டிப் பாப்பாவாகவே இருக்கவேண்டுமா என்று அது உதட்டைப் பிதுக்கி அழுதது. ஊதாக் கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியது. இன்னும் வில்லை பொருத்தாத வெறும் சட்டம், இரண்டு ஓட்டைகள்.

அந்தக் காலை வந்தது. சங்கடமான நாளில் வெளியே வேலை வைத்துக்கொள்வது இளையவளின் கணவனுக்கு வழக்கம்; வில்லை வாங்கப் போய்விட்டான். மாமனார் நாற்காலியைத் துணியால் துடைத்தார். சில்லு தானே ஏறி உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். வேலை அறைக் கதவருகில் மாமியாரும் மூத்தவளும் நின்றார்கள். கனமான சட்டத்தைக் குழந்தையின் சின்ன மூக்கின் மேல் வைத்தபோது அது வழுக்கியது. மாமனார் ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிறு புத்தகத்தைக் கொடுத்தார்.

"எழுத்து பெருசா தெரியுதா செல்லம்?"

"பெருசா தெரியுது தாத்தா. எறும்பு மாதிரி இருந்தது, இப்போ வண்டு மாதிரி இருக்கு."

மாமனார் தலையாட்டினார். இளைய மருமகளைப் பார்த்தார், அந்தப் பார்வையில் வெற்றி எதுவும் இல்லை, ஒரு வேலை முடிந்த நிம்மதிதான்.

"மாமா, நானும் அவளை ஒரு கேள்வி கேக்கணும்," என்றாள் இளையவள்.

"கேளேம்மா. உன் பொண்ணு."

"அந்தச் சட்டம் அப்படியே இருக்கட்டும். சில்லு, அம்மா எங்க நிக்கறேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். மேஜையின் மேல், வில்லை கீழே படும்படிக் கவிழ்த்து வைத்தாள். மாமனாரின் கை அதை நிமிர்த்த அனிச்சையாக நீண்டது. அதற்குள் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டாள்.

எதிர்ப் பக்கம் போய் நிற்க வேண்டும். அதற்கு மேல் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் கழற்றிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தது தப்பு. எல்லாம் தெரிந்தது, எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்த கண்ணுக்கு இப்போது எல்லாம் சிறுத்து, தள்ளித் தள்ளிப் போய் நின்றது. வளைவில் ஒரு லாரி விளையாட்டுச் சாமான்போல வந்துகொண்டிருந்தது. எங்கேயோ இருக்கிறது என்று இறங்கினாள். மூன்று எட்டு வைப்பதற்குள் அது ஹாரன் அடித்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. சாலையின் நடுக்கோட்டில் நின்றாள். காற்று அவள் உடம்பை ஒருபக்கம் இழுத்தது. பின்னால் ஒரு பஸ், முன்னால் ஒரு வண்டி. பயத்தில் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. ஒரு கிழவர் அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். அவர் நின்றபோது நின்று, அவர் நடந்தபோது நடந்து, அவள் எதிர் நடைபாதையைப் பிடித்தாள்.

திரும்பினாள். பெரிய கண்ணாடிச் சுவருக்குள் கடை ஒரு பொம்மை வீடுபோல இருந்தது. நாற்காலியில் சில்லு. கண்களின் இடத்தில் இரண்டு வட்டங்கள். இளையவள் கையைத் தூக்கி ஆட்டினாள்.

உள்ளே சில்லு முதலில் விளையாட்டாகத்தான் தேடினாள். அப்புறம் கழுத்தை நீட்டினாள். அம்மா சாலையில் இறங்கியதை ஒரு நிழலாகப் பார்த்தாள். ஹாரன் கேட்டது. ஏதோ பெரிதாக, சாம்பலாக, நிழலின் மேல் நகர்ந்து போனது. அது போன பிறகு அங்கே நிழல் இல்லை.

"தாத்தா, அம்மாவைக் காணோம்."

"இருக்காம்மா. எதிர்லதான் நிக்கறா, கையை ஆட்டறா."

"இல்ல. ரோட்டுல அம்மா இல்ல."

கதவருகில் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரும் அதே நிழலைத்தான் பார்த்திருந்தார். அவருக்கும் அதே சாம்பல்தான் தெரிந்தது.

சில்லு அந்தச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தாள். வில்லை எங்கேயோ உருண்டது. அம்மா தெரிந்தாள், எதிர்ப் பக்கம், முழுசாக, கையைத் தூக்கியபடி. நாற்காலியிலிருந்து குதித்து, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு குழந்தை வெளியே ஓடியது. வராதே, வராதே என்று இளையவள் இரண்டு கையையும் ஆட்டினாள். குழந்தை நடைபாதை ஓரத்தில் நின்றது. வலது பக்கம் பார்த்தது, இடது பக்கம் பார்த்தது, ஒரு பஸ்ஸைப் போகவிட்டது, இறங்கி ஒரே ஓட்டமாகக் கடந்து வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவ்வளவு சுலபமாக.

"நடுவுல ஏம்மா நின்ன?" என்று அடித்தது. "நடுவுல நிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றாள் அவள்.

குழந்தைக்குக் காட்டிவிட்டால் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் இங்கே நின்று பார்க்கும்போது அந்த நாற்காலி தெரிந்தது. அது அங்கேயே இருக்கிறது. இன்று இல்லாவிட்டால் அடுத்த வாரம், அப்படியும் இல்லாவிட்டால் குழந்தை சமாதானமான ஒரு நாளில், அதே கேள்வி, அதே அன்பு. பெரிதாகத் தெரிகிறதா செல்லம்? எத்தனை தடவை எறியும்?

கடைக்குள் யாரோ ஒருவர் கண் பார்க்க வந்துவிட்டார். மாமனார் அவரை உட்கார வைத்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பி ஏதோ சொல்வது தெரிந்தது. போய்க் கூட்டிக்கொண்டு வா, எதிரில்தான் நிற்கிறார்கள். வேறென்ன சொல்லியிருப்பார்? எங்கே போய்விடுவார்கள் என்ற நிதானம் அவருக்கு.

மாமியார் வெளியே வந்தார். மகள் போன பிறகு அவர் அந்த வாசலைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. நடைபாதை ஓரத்தில், கல்லைக் காலால் தடவிப் பார்த்து நின்றார். ஒரு கையில் இளையவளின் கண்ணாடி. அதைத் தன் மேல்துணியில் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார்.

"சில்லு... அம்மா சில்லு..."

பஸ் நிறுத்தத்துக் கம்பத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். பிறகு மருந்துக் கடைப் பலகையைப் பார்த்து. நடுவில் அவர்களையும் ஒருமுறை நேராகப் பார்த்தார். பட்டப்பகலில், ஒரு சாலை அகலத்தில் நின்றுகொண்டிருந்தவர்களின் மேல் அந்தப் பார்வை, சுவரில் படுகிற மாதிரி, பட்டு நகர்ந்தது.

பாட்டி என்று சொல்லச் சில்லு வாயைத் திறந்தாள். இளையவள் அந்த வாயைப் பொத்தினாள். தான் பொத்துவதை அவள் கையே நம்பவில்லை. எந்த மங்கலிலிருந்து தன் மகளை இழுத்து வந்தாளோ, அந்த மங்கலுக்குப் பின்னாலேயே இப்போது ஒளிந்து நிற்கிறாள். தன்னைப் பார்க்க முடியாத ஒரு தாயின் எதிரில், மூச்சுவிடாமல். நெற்றி விண்ணென்று வலிக்கத் தொடங்கியது.

மாமியார் கூப்பிடுவதை நிறுத்தினார். ஒரு லாரி போயிற்று, அவர் துணி பறந்தது. பிறகு அவருடைய கை மெல்ல மேலே வந்து, காதோரத்துத் தண்டைத் தொட்டது. தன் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்.

இப்போது அவர் கண் நேராக வந்து இவர்கள் மேல் நின்றது. அந்தக் கண்களை இளையவள் அவ்வளவு தூரத்தில் பார்த்ததே இல்லை. கிட்டத்தில், வில்லைக்குப் பின்னால் ஊதிப்போய் இருக்கும். இங்கிருந்து சாதாரணமாக இருந்தன. களைத்த, சிவந்த, ஒரு வயதான பெண்ணின் கண்கள். மருமகளைப் பார்த்தன. அவள் கை பொத்தியிருந்த குழந்தையின் வாயைப் பார்த்தன. பிறகு சாலையின் நடுக்கோட்டைப் பார்த்தன, வளைவைப் பார்த்தன. வளைவில் வந்த ஒரு வண்டியை, அது வாசலைக் கடக்கும் வரை, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து முடிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்தது.

கண்ணாடியைக் கீழே இறக்கி மூக்கில் வைத்தார். திரும்பிக் கதவைத் தள்ளினார்.

"யாரையும் காணோம்," என்றார் உள்ளே.

மாமனார் வந்தவருக்கு வில்லை செருகிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சுவர் வழியாக அவருக்கு எல்லாமே தெரிந்துதான் இருந்தது. கையிலிருந்த வில்லையை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். இன்னொரு நாள் வாருங்கள் என்று வந்தவரைக் கனிவாக எழுப்பி வெளியே அனுப்பினார். மூத்த மருமகளை மாடிக்குப் போகச் சொன்னார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கழட்டினியா?"

குரல் எப்போதும்போல மென்மையாகத்தான் இருந்தது.

எதிர்ப்புறத்தில் நின்றவர்களுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவர்கள் பார்த்தது, வந்தவர் குழப்பத்தோடு வெளியேறியதை. பிறகு மாமனார் கொக்கியை எடுத்து, வாசலுக்கு உள்ளே நின்றபடியே கடையின் ஷட்டரை இழுத்து இறக்கியதை. கண்ணாடிச் சுவர் மேலிருந்து மறைந்துகொண்டே வந்தது. நாற்காலி மறைந்தது. மாமியாரின் முகம் மறைந்தது, இடுப்பு மறைந்தது, நின்ற இடத்திலிருந்து நகராத இரண்டு பாதங்கள் கடைசியாக மறைந்தன.

"ஏம்மா இந்நேரத்துல கடையை மூடறாங்க?" என்று சில்லு கேட்டாள்.

இளையவளுக்குத் தெரு முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. ஷட்டரின் ஒவ்வொரு மடிப்பும், அதன் அடியில் பூட்டு மாட்டும் வளையமும் தெரிந்தன. குழந்தையின் கையைப் பிடித்தாள். எந்த பஸ் முதலில் வருகிறது என்று பார், எனக்குத் தூரம் பிடிபடவில்லை, கிட்ட வந்ததும் சொல் என்றாள். அவளால் அந்த ஷட்டரிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"வருது," என்றாள் சில்லு. "இன்னும் தூரத்துல இருக்கு. இரு. இப்போ வா."